அப்பாவின் கண் ஏன் சிவந்திருந்தது

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரே சபையில் சேர்ந்து வளர்ந்த நாம் எல்லாரும் வாழையிலை போட்டுச் சாப்பிட்ட மதியம், உங்களில் ஒருவர் என் அப்பாவைப் புகழ்ந்தீர்கள். நல்ல மனசோடுதான். ரசவாளியோடு ஆள் வந்து நின்ற நேரம்.

"ஒங்க அப்பா மாதிரி குடிய விட்டவங்கள நான் பாத்ததில்ல லா," என்றீர்கள். "எங்க தம்பிகிட்ட இன்னும் அவரத்தான் சொல்லிக் காட்டுறேன். அந்த வெல்டர் மாமா விட்டாரு, ஒனக்கு என்னடான்னு."

மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். பாயசம் இன்னும் வரவில்லை. நான் இலையை மடித்துவிட்டேன்.

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இருமல் மருந்தைக்கூட மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அப்படியானால் அவர் குடித்த கதையும் திருந்திய கதையும் நம் எல்லாருக்கும் எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். பதினோரு வயதில், கிள்ளானில் ஒரு மேடையில், வாழ்க்கையில் முதன்முதலாக மைக் முன்னால் நின்று.

சாப்பிட்டுவிட்டு நீங்கள் எல்லாம் போன பிறகு நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தைக் காரில் இரண்டு முறை சுற்றினேன். எங்கள் வீட்டு வாசல் இப்போதைய மேம்பாலத்தின் எந்தத் தூணுக்கு அடியில் போனது என்று தெரியவில்லை. பொதுக் குழாயும் ஜம்பு மரமும் போய்விட்டன. மரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் கட்டிய கொடியில் அப்பாவின் காக்கிச் சட்டைகள் காயும். நெஞ்சுப் பக்கம் முழுக்கத் தீப்பொறி விழுந்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். வெயிலில் அந்தச் சட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தால் பகலில் நட்சத்திரம் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் மேடையில் சொல்லியிருக்கலாம்.

அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். வெல்டருக்கு முகமூடி உண்டு. ஆனால் இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, முதலில் அங்கங்கே ஒரு புள்ளி வைத்து ஒட்டும்போது, முகமூடியை இறக்கினால் ஒன்றும் தெரியாது. இருட்டுக் கண்ணாடி. அதனால் முகமூடி இல்லாமல் குறி பார்த்து, புள்ளி வைக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்வார்கள். சில நாள் கொஞ்சம் தாமதமாக மூடுவார்கள். அப்போது ஒன்றும் ஆகாது. சாயங்காலம்தான் அது வேலையைக் காட்டும். கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல் இருக்கும் என்பார் அப்பா. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, நீர் வழிந்து, திறக்க முடியாமல் போகும்.

அந்த நாட்களில் அவரைப் பெயின்டர் மாமா கையைப் பிடித்துக் கூட்டி வருவார். பக்கத்து வீட்டுக்காரர், அதே ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்குச் சாயம் அடிப்பவர். மினி பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் வருவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். அப்பா கால் எடுத்து வைப்பதற்கு முன் காற்றில் தரையைத் தேடுவார். எங்கள் வீட்டுப் படி ஒன்றுதான், அதிலும் தடுக்குவார். சாய்வு நாற்காலியில் படுத்ததும் அம்மா உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து அவர் கண்கள் மேல் வைத்து, மேலே ஈரத்துணியைப் போடுவார். பச்சைக் கிழங்குக்கு ஈர மண்ணின் மணம். சூட்டை இழுத்து இழுத்து வில்லைகள் பழுப்பாகும். அவற்றைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போடுவது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். நம் மெதடிஸ்ட் சபையில் திருவிருந்துக்கு ஒயின் கிடையாது, திராட்சைச் சாறுதான், உங்களுக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு அந்தச் சாற்றைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் அடுக்கும் பொறுப்பு அப்பாவுடையது. சுண்டுவிரல் உயரக் கிண்ணங்கள். தீப்பட்டுத் தடித்த அந்த விரல்களால் ஒன்றைக்கூட அவர் உடைத்ததில்லை. ஆராதனை முடிந்ததும் பின்பக்கக் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி என்னிடம் தருவார். நான் துடைப்பேன். சபையில் அவர் பேசியதே கிடையாது. அவருக்கு அங்கே இருந்த மரியாதை முழுக்க அந்தக் கிண்ணங்கள்தான்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது ஆசிரியை என்னைப் பேச்சுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார். என்னிடம் குரல் இருந்தது, அவ்வளவுதான். மதுவின் தீமை என்று தலைப்பு. பிள்ளைகள் பேசும் பேச்சை அப்போதும் ஆசிரியர்கள்தான் எழுதினார்கள், நாம் மனப்பாடம் செய்வோம். கோடு போட்ட தாளில் நான்கு பக்கம். அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, நேரம் காக்கும் மணிக்காப்பாளரே என்று தொடங்கும். இரண்டாம் பக்கத்தில் காப்பார் பக்கத்து எஸ்டேட் தொழிலாளி ஒருவர் வருவார். சம்சு என்னும் மலிவுச் சாராயத்துக்கு அடிமையாகிக் குடும்பத்தைத் தெருவில் விடுவார். அந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும். வலது கையை மெல்ல நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும்.

"மனசுலேர்ந்து வரலம்மா," என்பார் ஆசிரியை. "ஒப்பிக்கிற. கேக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும். அழ வச்சாதான் ஜெயிக்கலாம்."

நான் கையை இன்னும் மெதுவாகக் கொண்டுவந்தேன். தண்ணி வரவில்லை.

வீட்டில் அப்பாதான் மணிக்காப்பாளர். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, கையில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்திருப்பார். நான்காவது நிமிடம் ஒரு தட்டு. ஐந்தாவது நிமிடம் இரண்டு தட்டு. இடையில் நான் நின்றுவிட்டால் கண்ணைத் திறக்காமலே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கு நான்கு பக்கமும் பாடமாகியிருந்தது. எஸ்டேட் தொழிலாளி வரும் இடத்தில் மட்டும் உச்சுக் கொட்டுவார். "பாவம், அந்த ஆளு," என்பார்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலையில். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெயின்டர் மாமா அந்த வாரம் ஏணி சரிந்து விரல் நசுங்கி, டாக்டர் கொடுத்த எம்.சி. லீவில் வீட்டில் இருந்தார்.

"நீ போயிட்டு வா," என்றார் அப்பா அவரிடம். "எனக்காக நீ கைதட்டு."

பெயின்டர் மாமா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இத வச்சிக்கிட்டா? ஒரு கையால எப்படிண்ணே தட்டுறது?"

"தொடையில தட்டு."

"சரி, தொடையில தட்டுறேன். வீங்கிப் போச்சுன்னா அதுக்கும் ஒரு எம்.சி. போடுவேன்."

அப்பா சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். இரண்டு ஆண்கள் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்த அந்தக் காலை எனக்குப் பிடித்திருந்தது. அம்மா என் கேன்வாஸ் காலணிக்கு வெள்ளை பூசியிருந்தார். அது இன்னும் காயாமல் என் காலுறையில் ஒட்டிக்கொண்டது. ஆசிரியையின் சின்னக் காரில் பின்னால் நானும் பெயின்டர் மாமாவும். பெடரல் ஹைவே முழுக்க நான் உதட்டுக்குள் நான்கு பக்கங்களையும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கிள்ளானில் அந்த மண்டபத்தில் மின்விசிறிகள் உயரத்தில் தொங்கிச் சுற்றின, காற்று மட்டும் கீழே வரவில்லை. முந்தைய நாள் கல்யாணத்தின் மல்லிகையும் சாம்பாரும் இன்னும் உள்ளே இருந்தன. மூன்று நீதிபதிகள். நடுவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் என் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். நம் பெரிய சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நம் சபையின் செயலாளர், ஞாயிறு பள்ளியில் நம் நகங்களைப் பார்த்தவர். அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவு நேர்மை.

எனக்கு முன்னால் பேசிய பெண் நன்றாகப் பேசினாள். அவளும் யாரையோ பற்றித்தான் பேசினாள். யாரும் அழவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. ஒருவர் வந்து இறக்கினார், அது கரகரவென்று சத்தம் போட்டது. அவைத் தலைவர் அவர்களே என்று தொடங்கினேன். முதல் பக்கம் தானாக ஓடியது. இரண்டாம் பக்கத்தின் வாசலில் நின்றேன். எஸ்டேட் தொழிலாளி வரவில்லை. அவருடைய பெயர், ஊர், மனைவி, ஒன்றும் வரவில்லை. தலைக்குள் வெள்ளைத் துணி காய்ந்தது. மணிக்காப்பாளரின் விரல் மணியின் தலையில் இருந்தது. பெயின்டர் மாமா ஓரத்து நாற்காலியில் தொடை மேல் கையை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வரி எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

அப்போது என் வாய் சொன்னது: "அந்த மனிதர் வேறு யாருமல்ல. என் அப்பா."

இத்தனை வருடம் இதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கும்போது, மறதியில் உளறிவிட்டேன் என்று தொடங்குவேன். முதல் வரிக்கு அது பொருந்தும். அந்த வரிக்குப் பிறகு மண்டபம் எப்படி ஆனது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். நாற்காலிகளின் கிறீச்சல் நின்றது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விசிறியை மடியில் வைத்தார். முந்நூறு பேர் என் வாயைப் பார்த்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க இனித்தது. பொய் என்று தெரிந்துதான் இரண்டாவது வரியைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒன்றையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் ஆனால் அவர் கண்கள் இரத்தமாகச் சிவந்திருக்கும் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க முடியாது, ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார் என்றேன். வாசற்படி ஒன்றுதான், அதிலும் தடுக்கி விழுவார், என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஈரத்துணியை எடுத்து வருவார் என்றேன். எல்லாம் நிஜம். ஒவ்வொன்றும் நான் கண்ணால் பார்த்தது. காரணத்தை மட்டும் மாற்றினேன். குரல் தானாக இறங்கியது, கை தானாக நெஞ்சுக்கு வந்தது, என் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது மணி அடிக்கும்போது நான் நன்றி வணக்கத்தில் இருந்தேன். ஒரு நொடி கூடக் குறைய இல்லை.

முதல் பரிசு. மரக் கேடயம், நடுவில் தகரத்தில் ஒரு தீபம். அதைக் கொடுக்கும்போது பெரிய சார் என் தலையில் கை வைத்தார்.

"ஞாயித்துக்கெழம அந்தக் கண்ணப் பாக்கும்போதெல்லாம் நெனச்சிருக்கேன்," என்றார் மெல்ல. "ஒனக்கு எவ்ளோ தைரியம்மா. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா," என்றார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாநிலப் போட்டியிலயும் அப்படியே சொல்லு. எழுதினதவிட அது நல்லா இருக்கு," என்றார்.

பெயின்டர் மாமா தொடையில் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. வெளியே சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல கையில் ஒரு கறிபாப். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"நல்லாப் பேசினே, பாப்பா."

நான் கேடயத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வர்ற ஆளு, நான்தானே?"

நான் கேடயத்தின் தகர ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

"அப்ப என்னையும் சேத்துத்தான் ஊத்திக் குடுத்துட்டே," என்றார். சிரிப்பு வரவில்லை. பிறகு கறிபாப்பை என்னிடம் நீட்டினார். "சாப்பிடு. பசியாறாம வந்தே."

முழுதாகச் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு மசாலா. விரலில் ஒட்டிய எண்ணெயைக்கூட நக்கினேன். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆசிரியையிடம் அவர் ஒரு சொல்லில் என் குட்டை உடைத்திருக்கலாம். ஒரு சின்னப் பெண்ணை அவள் டீச்சருக்கு முன்னால் பொய்க்காரி ஆக்க அவருக்கு மனசு வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, தப்பித்தேன் என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அரை நாள் வேலை முடிந்து வந்து, சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கண்கள் மேல் வில்லைகள், ஈரத்துணி. கேடயத்தை அவர் கையில் வைத்தேன். பார்க்க முடியாததால் விரலால் தடவிப் பார்த்தார். மரத்தின் ஓரம், தகரம், தீபம். தகரம் மரத்தோடு சேரும் இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "பசை போட்டு ஒட்டியிருக்கான்," என்றார். "இது நிக்காது. நான் சரி பண்ணித் தரேன்."

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். பெயின்டர் மாமா அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் உடை மாற்றினேன். அப்பா திரும்பி வந்து படுத்து, புதிய வில்லைகளை அம்மாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

"எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு," என்றார். "அங்க சொன்ன மாதிரியே."

கையில் டம்ளரும் கரண்டியும்.

நான் நின்றேன். அவைத் தலைவர் அவர்களே என்றேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது எஸ்டேட் தொழிலாளி தன் பெயரோடும் ஊரோடும் மனைவியோடும் வந்து நின்றார். ஒரு சொல் பிசகவில்லை. ஈரத்துணிக்கு அடியில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடமும் பேசினேன். பாவம் அந்த ஆளு என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்லா இருக்கு, பாப்பா," என்றார். "இதுவே போதுமே."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம் பெரிய சார் வீட்டுக்கு வந்தார். அம்மா கோப்பி கலக்கப் போனார். நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன, இன்னும் சிவப்பு.

"தம்பி, நான் சுத்தி வளச்சிப் பேச மாட்டேன்," என்றார் பெரிய சார். "புள்ள மேடையில சொன்னத இந்தக் காதால கேட்டேன். ஒங்கள அவமானப்படுத்த வரல. உதவி பண்ண வந்திருக்கேன்."

அப்பா ஒரு முறை என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவருக்குத் தெரியும் என்று.

"சொல்லுங்க சார்," என்றார்.

"நெஜம்தானே?"

"புள்ள சொன்னத புள்ள சொல்லிடுச்சி. அவள மறுபடி நிக்க வச்சி யாரும் கேள்வி கேக்க வேணாம் சார். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

பெரிய சார் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுப்பார். தவறு செய்தவன் தன் பிள்ளையைக் காக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவர் கெட்டவரில்லை. எழுந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"திருவிருந்து வேலைய கொஞ்ச நாளைக்கு வேற ஆளு பாக்கட்டும், தம்பி."

அப்பாவின் கை நாற்காலிச் சட்டத்தில் இருந்தது. அது ஒரு முறை திறந்து மூடியது. "சரிங்க சார்."

வாசலுக்குப் போகும் வழியில் பெரிய சார் என் முன் குனிந்தார். "நீ ஏதும் சொல்லணுமா, கண்ணு?"

முந்நூறு பேருக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசியவள் நான். வேண்டியது ஒரு வரி. அப்பா வெல்டிங் வேலை செய்கிறார், அதனால் கண் சிவக்கிறது. இவ்வளவுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் போனதும் அடுப்படியில் ஒரு மூடி தரையில் விழுந்தது. "ஏங்க, நீங்க வாயத் தொறந்தா என்ன?" என்றார் அம்மா. அழுகையில் கோபம் இருந்தது. "ஒரு சொட்டு வாயில வைக்காத மனுஷன். எதுக்குங்க இது?"

"தொறந்தா, இவ பொய்க்காரின்னு ஆயிடும்," என்றார் அப்பா. "பதினோரு வயசுல அந்தப் பேரு ஒட்டிச்சின்னா போவாது. எனக்கு நாப்பது ஆச்சி. எனக்கு ஒட்டினா என்ன."

அந்த வாரமே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி செய்துகொண்டு வந்து, சுவரில் அடித்து, கேடயத்தை அதில் மாட்டினார். நேரே சாய்வு நாற்காலிக்கு மேலே. பிடுங்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாநிலப் போட்டிக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்தது, அல்லது வரவழைத்துக்கொண்டேன். வேறு பெண் போனாள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா உங்களுக்கு? நினைவிருக்காது. உங்களுக்கு அது இன்னொரு ஞாயிறு. வேறு ஒருவர் தட்டோடு வந்தார். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அப்பா தட்டு ஏந்தினால் அந்தச் சத்தம் இருக்காது. அவர் எங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தார். ஆராதனை முடிந்ததும் கால் பழக்கத்தில் குழாயடிப் பக்கம் இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். நான் துடைக்கும் துணியைக் கொண்டு வந்திருந்தேன். அதைச் சுருட்டிக் கவுனுக்குள் மறைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று போனேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லாமல் வந்தேன். வாரங்கள் சேரச் சேர அந்த ஒரு வரி நீண்டுகொண்டே போனது. முதலில் பொய்யை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கிண்ணங்களை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆராதனை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் எல்லாரும் பாடகர் குழுவில் நின்றீர்கள். அப்பாவை முன்னால் அழைத்தார்கள். பெரிய சார் ஜெபம் செய்தார். அடிமைத்தனத்திலிருந்து இந்த மகனை விடுதலையாக்கினீரே என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அப்பா தலை குனிந்து நின்று ஆமென் சொன்னார். பிறகு பெரிய சார் என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

"நீ ஒரு வார்த்த சாட்சி சொல்லும்மா. ஒன்னாலதானே இது ஆரம்பிச்சுது."

மறுபடியும் மைக். இந்தத் தடவை உயரம் சரியாக இருந்தது. எனக்குப் பதின்மூன்று. எழுதிக் கொடுத்தவர் இல்லை, மணி இல்லை, பரிசு இல்லை. அப்பா என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். அவர் கண்கள் அன்று வெள்ளையாக இருந்தன, ஏனென்றால் முந்தின வாரம் முழுக்க அவர் லீவில் இருந்தார். சபையார் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"என் அப்பாவை மாற்றின கர்த்தருக்கு நன்றி," என்றேன்.

கிள்ளானில் சொன்னதற்கு மறதியைச் சாக்குச் சொல்லலாம், வயதைச் சொல்லலாம், ஆசிரியையைச் சொல்லலாம். இதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் போன மாதம் இலைக்கு முன்னால் சொன்னது இந்த ஞாயிற்றிலிருந்து வந்தது.

அப்பா ஓய்வுபெற்று, பிறகு கிள்ளானில் வாங்கிய சின்ன வீட்டில் பல வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் கண்ணில் பால் படர்ந்திருந்தது. இறுதி ஆராதனையில் அவர் ஜெயித்த போராட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். குவார்ட்டர்ஸை விட்டு வந்தபோதே கேடயம் எங்கோ தொலைந்துவிட்டது. அப்பா சரி பண்ணித் தருகிறேன் என்ற தகரம் அதற்கு முன்பே கழன்று போயிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கொக்கி மட்டும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய்ப் பசை ஏறிய மேசை இழுப்பறையில், பழைய சாவிகளோடு. வளைவில் அவர் வைத்த ஒட்டு இன்னும் சீராக, சின்னச் சின்ன அலையாக இருக்கிறது. அதற்கும் ஒரு புள்ளி வைத்திருப்பார். அதற்கும் கண்ணை மூடத் தாமதித்திருப்பார்.

இவ்வளவோடு நான் இருந்துவிட்டிருப்பேன். அம்மா போவதற்கு முந்தின வருடம், கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, தானாக ஒன்றைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை, குழாயடியில், பெயின்டர் மாமா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். ஒன்று விடாமல். அதற்குப் பிறகுதான் அப்பா உள்ளே வந்து, எங்க, சொல்லிக் காட்டு என்றது.

"அப்ப ஏம்மா என்னைச் சொல்லச் சொன்னாரு? என் பொய்யப் பிடிக்கறதுக்கா?"

"அங்க சொன்னதையே கூசாம இங்கயும் சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டுப் படுத்திருந்தாரு," என்றார் அம்மா. "நீ டீச்சர் எழுதிக் குடுத்தத மட்டும் சொன்ன பாரு, அப்பதான் அவருக்கு உசுரு வந்துச்சி. ராத்திரி சோறு சாப்பிடும்போது சொன்னாரு. புள்ளைக்கு வெக்கம் இருக்குடி, அது போதும், ஒரு நாளைக்கி அதுவே பேசும்னு."

அம்மா உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார். நான் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வெட்கத்தை நம்பித்தான் அவர் இரண்டு வருடம் வெறுங்கையோடு உட்கார்ந்தார். செய்யாத குற்றத்துக்கு ஆமென் சொன்னார். அது பேசவில்லை. நாற்பது வருடமாக அதைப் போர்த்திக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ரசவாளிக்கு முன்னால் கூடத் தலையைத்தான் ஆட்டினேன்.

அடுத்த சந்திப்பும் அதே கடையில்தான் என்றீர்கள். எழுதுவது எனக்கு எப்போதும் எளிது, இதையும் நாலைந்து தடவை திருத்திவிட்டேன், அதனால் இந்த எழுத்தை மட்டும் நம்பி என்னை விட்டுவிடாதீர்கள். இலை போட்டதும் என்னைக் கேளுங்கள், உங்க அப்பா கண்ணு ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்று. தம்பியையும் கூட்டி வாருங்கள். அவரிடமும் நான்தான் சொல்ல வேண்டும், அந்த வெல்டர் மாமா விடுவதற்கு எதுவுமே இருக்கவில்லை என்று.